பத்துச் சேலை கூடிய வாரம்

ஒரு ஜவுளிக்கடையில் வாரம் 100 சேலை விற்கிறது. ஒரு வாரம் 110 விற்றுவிட்டது. இதற்காகச் சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளையின் தறிகளில் எத்தனை சேலை கூடுதலாக ஓட வேண்டும்? பத்து என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆனால் வியாபாரம் சொல்லும் விடை வேறு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கடைக்காரர், மொத்த வியாபாரி, இளம்பிள்ளை உற்பத்தியாளர் என்று மூன்று பேர். மூவருமே நான்கு வார விற்பனைக்கான சரக்கைக் கையில் வைத்திருப்பவர்கள்; ஆளுக்கு 400 சேலை. 110 விற்றதும், இனி வாரம் இப்படித்தான் போகும் என்று கடைக்காரர் நம்புகிறார். நான்கு வாரத்துக்கு 440 வேண்டும், இருப்பு 290, ஆகவே ஆர்டர் 150. மொத்த வியாபாரிக்கு அந்த 110 தெரியாது, தன்னிடம் கேட்ட 150தான் தெரியும். அவர் கணக்கில் 600 இருப்பு வேண்டும், 150 அனுப்பியது போக 250 இருக்கிறது, 350 கேட்கிறார். உற்பத்தியாளர் கண்ணில் படுவது இந்த 350 மட்டுமே. அவருக்கு 1,400 வேண்டும், கையில் மிஞ்சியது 50. ஆக, 1,350 சேலைக்கு நூல் வாங்கக் கிளம்புகிறார்.

கேட்ட சரக்கெல்லாம் உடனே வந்து சேர்ந்துவிடுவதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் கடை விற்பனை பழையபடி 100க்கு இறங்கினால் கடைக்காரர் 60 சேலை போதும் என்பார். மொத்த வியாபாரியிடம் வேண்டியதைவிட அதிகம் கிடக்கும். அவர் ஒன்றுகூடக் கேட்கமாட்டார். உற்பத்தியாளர் 1,400 சேலையை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கணக்குத் தவறவும் இல்லை. அதுதான் வேடிக்கை.

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். பிடித்த கை லேசாக அசைந்தாலும் சாட்டையின் நுனி வீறிட்டுப் பறக்கும் அல்லவா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரஸ்டர் 1958இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த ஆட்டத்தைக் காட்டிவிட்டார். 1997இல் ஹாவ் லீயும் அவருடைய இரு சகாக்களும் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பேம்பர்ஸ். குழந்தைகள் என்னவோ ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கிறார்கள். ஆனால் கடையைத் தாண்டி, மொத்த வியாபாரியைத் தாண்டி, மூலப்பொருள் தருபவருக்கு ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் அது மலையும் பள்ளமுமாகிவிடுகிறது.

லீ சொன்ன காரணங்களில் இரண்டு, கஞ்சமலைப் பக்கத்து இளம்பிள்ளைக்கென்றே எழுதியவை போல இருக்கும். ஒன்று, மொத்தமாகச் சேர்த்துச் செய்தல். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றினால் அது தீரும்வரை பாவின் நிறம் அதேதான். குறுக்கே ஓடும் ஊடையை மாற்றிச் சேலைக்குச் சேலை சாயலை வேறுபடுத்தலாம். பாவை நடுவில் அறுத்துப் போட்டால் நஷ்டம். அதனால் நாலு சேலை வேண்டுமென்றாலும் பாவுக் கணக்கில்தான் உற்பத்தி. இரண்டாவது, பற்றாக்குறை பயம். தீபாவளிக்கு முன் கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்த கடைக்காரர் 100 தேவைப்பட்டால் 200 என்று சொல்லிவைப்பார். பண்டிகை முடிந்ததும் மிச்ச ஆர்டர் காணாமல் போகும். பாவு போகாது, தறியிலேயே இருக்கும்.

இந்த ஆட்டத்தை அடக்க மென்பொருள் உதவுமா? கொள்முதல் மென்பொருள் என்று இன்று விற்கப்படுபவை வெளியே காட்டிக்கொள்ளும் வேலை சாதாரணமானதுதான். ஆர்டர், வந்த சரக்கு, பில் மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கும். 100 கேட்டு 96 வந்து 100க்குப் பில் வந்தால் பணத்தை நிறுத்திவைக்கும். நல்ல கணக்குப்பிள்ளை செய்வதுதான். வியப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது: வாங்குபவரின் விற்பனை எண்ணை விற்பவரும் பார்க்க முடிவது. வால்மார்ட் 1990களின் தொடக்கத்தில் ரீடெயில் லிங்க் என்ற ஏற்பாட்டின் மூலம் தன் கடைகளில் அன்றன்று என்ன விற்றது என்பதைச் சரக்கு தருபவர்களுக்கே திறந்துவிட்டது.

அதே கணக்கை மறுபடி போடுவோம். இம்முறை மூவருக்குமே 110 என்ற எண் தெரியும். கடைக்காரர் ஆர்டர் முன்போலவே 150. மொத்த வியாபாரி தன் இருப்பை 600க்கு அல்ல, 440க்குத்தான் ஏற்றுவார்: 190. உற்பத்தியாளருக்கும் 440 போதும்: 230. முன்பு 1,350ஆக இருந்தது 230ஆகச் சுருங்கிவிட்டது! யாரும் வேகமாக ஓடவில்லை, புதுத் தறி வாங்கவில்லை. ஒரே ஒரு எண் மூன்று திரைகளில் தெரிந்தது, அவ்வளவுதான். ஆட்டம் அடியோடு நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெருகிப் போனது, இப்போது படிக்கு 40 கூடிப் போகிறது. ஃபிராங்க் சென் குழுவினர் 2000இல் கணித வழியில் நிறுவியதும் ஏறக்குறைய இதையே: பகிர்ந்தால் பெருக்கல் கூட்டலாகும், ஆனால் பூஜ்யமாகாது.

நம் நாட்டில் இப்படி எண்களைப் பகிர்வதற்கான பாதி வேலையை, அந்த நோக்கமே இல்லாமல், ஜி.எஸ்.டி. செய்துவைத்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து 64 எழுத்து கொண்ட தனி எண் வாங்கியாக வேண்டும். விற்பவரின் பதிவு எண், பில் எண், நிதியாண்டு, ஆவண வகை ஆகியவற்றைக் கணிதத்தால் அரைத்து எடுப்பது அந்த எண். பில் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு எண் வந்துவிடும். 2024 அக்டோபரிலிருந்து, வாங்குபவர் தன் பெயரில் வந்த பில்லை ஜி.எஸ்.டி. தளத்திலேயே ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்திவைக்கலாம். ஆனால் பில் போன சரக்கைத்தான் சொல்லும். அடுத்த பாவு என்ன நிறம் என்று முடிவுசெய்ய வேண்டியவருக்குக் கல்லாவில் இன்று என்ன விற்றது என்பது தெரிய வேண்டும்.

அதைக் கடைக்காரர்கள் எளிதில் காட்டுவார்களா? எனக்குச் சந்தேகம்தான். எது ஓடுகிறது என்று தெரிந்தால் உற்பத்தியாளர் விலையை ஏற்றுவார் என்ற பயம் அவர்களுக்கு. கிடங்கில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிந்தால் கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார் என்ற பயம் உற்பத்தியாளர்களுக்கு. இரண்டும் நியாயமானவையே. மென்பொருள் விற்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இப்போதைக்குப் பலருக்கு வாட்ஸ்அப்தான் கொள்முதல் தளம். உற்பத்தியாளரிடமிருந்து நேரே கடைக்காரருக்கோ மறுவிற்பனையாளருக்கோ சேலைப் படம் போகிறது, அதன்மேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வருகிறது, அதுவே ஆர்டர். இடையில் ஒரு மொத்த வியாபாரி குறைவது உண்மையான லாபம். சாட்டையின் நீளம் அந்த அளவு குறைகிறது. கூடவே புது ஆபத்தும் இருக்கிறது. ஒரு பெண் ஒரே சேலையை மூன்று மறுவிற்பனையாளர்களிடம் கேட்க, அந்த மூவரும் ஆளுக்கு இரண்டு உற்பத்தியாளர்களிடம் ‘ஸ்டாக் இருக்கா?’ என்று விசாரித்தால், ஒரே தேவை ஆறு இடத்தில் ஆறு தேவையாகத் தெரியும். தனித்தனி அரட்டைகளை ஒன்றுசேர்த்து, இது ஒரே ஆள்தான் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

பெரும்பாலான மென்பொருள்களில் ‘சப்ளையர்’ என்ற சொல் பில்லில் பெயர் இருப்பவரோடு முடிந்துவிடுகிறது. அவரிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்குத் தறி ஓட்டுபவர் அந்தத் திரைகளில் கிடையாது. ஆனால் தறியில் இன்னும் எத்தனை சேலைக்குப் பாவு மீதமிருக்கிறது என்பதை உள்ளபடி அறிந்தவர் அவர் ஒருவரே. கடையின் விற்பனை எண் அவர் வீட்டுக் கைப்பேசிக்கும், அவருடைய பாவுக் கணக்கு கடையின் திரைக்கும் போக முடிந்தால், 1,350ஐ 230ஆக்கிய கணக்கை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோகலாம்.