சுவைப்பது நாக்கா, மூக்கா, கண்ணா?

2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நியூயார்க் நகரில் பழைய ஒயின் புட்டிகள் ஏலத்துக்கு வந்திருந்தன. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், பினோ நுவார் என்னும் கறுந்திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் என்று அவற்றைச் சொன்னார்கள். சில புட்டிகளின் ஒட்டுத்தாளில் 'குளோ சாங் தெனி' என்ற தோட்டத்தின் பெயரும், பொன்சோ என்ற தயாரிப்பாளரின் பெயரும், 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளும் இருந்தன. செய்தி அறிந்த லோரான் பொன்சோ, பிரான்சிலிருந்து விமானம் ஏறி நியூயார்க்குக்கே வந்துவிட்டார். அவருடைய குடும்பம் அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒயின் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். அப்படியானால் 1945ஆம் ஆண்டுப் புட்டி எங்கிருந்து வந்தது? புட்டிகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன.

அவற்றை விற்கக் கொடுத்தவர் ரூடி குர்னியாவான். இந்தோனேசியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். பல ஆண்டுகளாக அவருடைய புட்டிகளைப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள், குடித்தும் பார்த்தார்கள். சுவைப்பதில் பெயர் பெற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால், மோசடியை வெளியே கொண்டுவந்தது எந்த நாக்கும் அல்ல, ஒட்டுத்தாளில் இருந்த ஓர் ஆண்டு எண். நாக்கு ஏன் கோட்டை விட்டது?

மாணவர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது. இந்தக் கட்டுரையைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு துளி ஒயினும் தேவையில்லை. பழச்சுவை மிட்டாய் இரண்டு, சர்க்கரை போடாத தே-ஓ ஒரு குவளை, இவை போதும்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடியுங்கள். நண்பர் ஒருவர் என்ன சுவை என்று சொல்லாமல் ஒரு மிட்டாயை வாயில் போடட்டும். இனிப்பு தெரியும், கொஞ்சம் புளிப்பும் தெரியலாம். ஆரஞ்சா, ஸ்ட்ராபெரியா, திராட்சையா என்று கேட்டால் திணறுவீர்கள். இப்போது மூக்கை விடுங்கள். ஒரே நொடியில் பழத்தின் 'சுவை' வந்து நிற்கும். அது நாக்கிலிருந்து வரவில்லை. வாயில் ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்புறம் வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறுகின்றன. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனால்தான். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து மட்டுமே. மூக்கிலோ சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. வாசனை ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

பினோ நுவார் ஒயினைப் பாராட்டுபவர்கள் அதிகம் பேசுவதும் வாசனையைத்தான். செர்ரி, ராஸ்பெரி, ரோஜா, பழையதாகும்போது காளான், ஈரமண் என்று அடுக்குவார்கள். செர்ரியோ ரோஜாவோ அதில் சேர்க்கப்படுவதில்லை. நொதித்தலின்போது ஈஸ்ட், சர்க்கரையை எத்தனாலாக மாற்றுவதோடு வேறு நூற்றுக்கணக்கான சேர்மங்களையும் உண்டாக்குகிறது. கார்பாக்சிலிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் என்று வேதியியலில் படிக்கிறோம் அல்லவா? பழவாசனைகளில் பல எஸ்டர்கள்தாம். ரோஜா மணம் தரும் ஃபீனைல் எத்தனாலும் ஈஸ்ட்டின் வேலையே. சுவைப்பவர் அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு அலட்டல்போல் இருக்கும். ஆனால் திரவத்தின் பரப்பு விரிந்தால் ஆவியாதல் கூடும்; மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவி தங்கும். அதைத்தான் அவர் முகர்கிறார்.

அடுத்தது தே-ஓ. தேயிலையை நெடுநேரம் ஊறவிட்டுச் சர்க்கரையின்றி ஒரு வாய் குடியுங்கள். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுப்பதுபோல் இருக்கும். நம் பாட்டிமார் இதைத் துவர்ப்பு என்று அறுசுவையில் ஒன்றாக எண்ணினார்கள். இன்றைய அறிவியல் இதைப் பெரும்பாலும் தொடு உணர்வோடு சேர்க்கிறது. தேயிலையிலும் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலின் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு குறைந்து உராய்வு கூடுகிறது. பினோ நுவாரின் தோல் மெல்லியது. அதனால் துவர்ப்பு பொதுவாக மிதமாகவே இருக்கும்.

நிறமும் அப்படித்தான். இந்தத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றது. சாறு தோலோடு சேர்ந்து ஊறும்போதுதான் ஆந்தோசயனின் என்ற சாயம் இறங்கிச் சிவப்பாகிறது. நாசி கெராபு சோற்றை நீலமாக்கும் சங்குப்பூவின் சாயமும் இதே குடும்பம். பினோ நுவாரில் சாயம் குறைவு என்பதால், கிண்ணத்தின் பின்னால் உள்ள எழுத்தைப் படிக்கும் அளவுக்குக்கூட அதன் சிவப்பு வெளிறியிருக்கும்.

இந்த நிறமே நம் மூளையைத் தடுமாற வைக்கும். பர்கண்டிக்குத் தென்மேற்கே, ஒயினுக்குப் பெயர்போன போர்தோ நகரில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2001இல் வெளியானது. ஒயின் தயாரிப்பியல் படித்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் தரப்பட்டன. வெள்ளைக்கு எலுமிச்சை, தேன் போன்ற சொற்களையும், சிவப்புக்குச் செர்ரி, ராஸ்பெரி போன்ற சொற்களையும் பயன்படுத்தினார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினை மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கி, சாயமிடாததன் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒன்றேதான். ஆனால் சாயமிட்டதை முகர்ந்தவர்களுக்குச் சிவப்பு ஒயினின் வாசனைகளே தெரிந்தன.

"நிபுணர்கள் எல்லாம் பொய்" என்பதற்கு இந்த ஆய்வைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அது மிகை. கலந்துகொண்டவர்கள் மாணவர்கள், அவர்களிடம் கேட்கப்பட்டதும் வாசனைபற்றி மட்டுமே. ஆய்வு காட்டுவது வேறு: மூக்கு அனுப்பும் தகவலுக்குப் பெயர் வைக்கும்போது, மூளை கண்ணையும் கலந்து ஆலோசிக்கிறது. விலையையும் கேட்கிறது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். சும்மா வாயால் சொல்லவில்லை. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் ஸ்கேனில் கூடுதலாக இயங்கியது.

குர்னியாவானின் புட்டிகளுக்குத் திரும்புவோம். வெளிறிய சிவப்பு, தூசி படிந்த புட்டி, பழைய ஒட்டுத்தாள், ஆயிரக்கணக்கான டாலர் விலை. இத்தனையும் பார்த்த மூளை என்ன தீர்ப்புச் சொல்லும்? அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒயினைப் பலமுறை சுவைத்து, அது எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியவர்களும் மிகச் சிலரே. 2012இல் அமெரிக்கக் காவல்துறையினர் அவர் வீட்டைச் சோதித்தபோது ஆயிரக்கணக்கான போலி ஒட்டுத்தாள்கள், தக்கைகள், எந்த ஒயினோடு எதைக் கலப்பது என்ற குறிப்புகள் எல்லாம் கிடைத்தன. 2014இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

புட்டியைத் திறக்காமலே வயதைச் சோதிக்க இயற்பியலில் ஒரு வழி இருக்கிறது. சீசியம்-137 இயற்கையில் இருந்த பொருளல்ல என்றே சொல்லலாம். 1945இல் அணுகுண்டுகள் வெடித்தபோதுதான் அது காற்றில் கலந்தது. பிறகு மழையோடு மண்ணிலும் திராட்சையிலும் இறங்கியது. போர்தோவைச் சேர்ந்த இயற்பியலாளர் பிலிப் உபேர், ஈயக் கவசத்துக்குள் புட்டியை வைத்து, கண்ணாடியைத் தாண்டி வரும் காமாக் கதிர்களை அளந்தார். ஒட்டுத்தாளில் 1929 என்று இருக்கும் புட்டியிலிருந்து சீசியத்தின் கதிர் வந்தால், உள்ளே இருப்பது 1929ஆம் ஆண்டின் ஒயின் அல்ல.

இதற்கும் எல்லை உண்டு. சீசியம் இல்லை என்றால், ஒயின் அணுகுண்டுக் காலத்துக்கு முந்தையது என்று மட்டுமே சொல்லலாம். எந்தத் தோட்டம், எந்தத் திராட்சை என்று சொல்ல முடியாது. மலிவான பழைய ஒயினை நிரப்பினால் சோதனையில் தப்பிவிடலாம். அதோடு சீசியமும் சிதைந்துகொண்டே வருகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. 1963இல் ஒரு புட்டிக்குள் போன சீசியத்தில் எத்தனை பங்கு 2053இல் மிஞ்சியிருக்கும்? தே-ஓ ஆறுவதற்குள் கணக்கிட்டுவிடலாம்.