கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்!

அந்தமானுக்குப் போகப் போகிறீர்களா? பேஷ்! பெட்டியில் என்னென்ன வைப்பது என்று வீட்டில் ஏற்கெனவே ஜாபிதா தயாராகியிருக்கும். அதில் நான் தலையிடுவதாக இல்லை. ஊறுகாய் ஜாடியைத் தடுக்க யாரால் முடியும்? ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். உங்கள் கைக்கடிகாரத்தையும் கழற்றி அந்த ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கப்பல் துறைக்குக் கிளம்பும்போது எடுத்துக் கட்டிக்கொண்டால் போதும். மற்றபடி அந்தத் தீவுகளில் மணி அடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூரியன், மற்றொருவர் கடல்.

முதலில் சூரியனைக் கவனிப்போம். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர். ஆனால் இரண்டு ஊருக்கும் கடிகார நேரம் ஒன்றேதான். ஆகவே சூரியன் அங்கே நம்மைவிட முக்கால் மணிக்கும் மேலாக முந்திக்கொள்கிறான். மே மாதத்தில் காலை 5 மணிக்கெல்லாம் உதயம். டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே அஸ்தமனம். "டிபன் காப்பி முடித்துக்கொண்டு ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போகலாமே" என்று சாவகாசமாக இருந்தீர்களானால், இருட்டைத்தான் தரிசிப்பீர்கள்.

ஹாவ்லக் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கே கிழக்குக் கரையிலுள்ள காலாபத்தரில் உதயம் பாருங்கள். மேற்குக் கரையிலுள்ள ராதாநகரில் அஸ்தமனம் பாருங்கள். வெண்மணலும், பின்னால் சுவர் வைத்தாற்போல் ஓங்கி நிற்கும் காடும் சேர்ந்து, அந்த மாலையை நீங்கள் வெகு நாள் மறக்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. இந்தத் தீவுகளின் உப்பங்கழிகளில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

கடல் அடிக்கும் மணி இன்னும் நுட்பமானது. தினம் இரண்டு தடவை ஏறும். இரண்டு தடவை வற்றும். நம் மெரீனாவில் அமாவாசை பௌர்ணமியன்றுகூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் இரண்டு முழந்தான் வித்தியாசம். அலை பார்க்கிற சந்தோஷத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. அந்தமானில் அந்த நாட்களில் நாலு முழம்! காலையில் நீந்திய இடம் மத்தியானம் வெறும் பாறையாகக் கிடக்கும். பாறையாகக் கிடந்த இடத்தில் சாயங்காலம் ஆள் முழுகும்.

இதைப் புஸ்தகத்தில் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. முழங்காலில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீல் தீவில் (இப்போது ஷஹீத் தீவு) கடலே குடைந்து கட்டிய ஒரு கல் வளைவு இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே அதனிடம் நடந்து போகலாம். நானும் என் மனைவியும் எட்டு வயதுப் பையனும் போனோம். வழிகாட்டியாக ஒரு வங்காளிப் பெரியவர் வந்தார். வழியெல்லாம் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர். ஒரு குழியில் கடல் அட்டை, ஒன்றில் நட்சத்திர மீன், ஒன்றில் ஒளிந்து விளையாடும் நண்டு. பையனை நகர்த்த முடியவில்லை. பெரியவர் இரண்டு முறை, "பானி, பானி" என்று கையைக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பத்தரைதானே ஆகிறது? இன்னும் நாலு படம் எடுத்துவிடலாம்" என்றேன்.

நாலாவது படம் எடுப்பதற்குள் குழிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. வந்த வழியைக் காணோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். பாறை வழுக்கி ஒரு முறை விழுந்தேன். என் மனைவி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் கடலைவிடப் பயமாக இருந்தது. பெரியவர் முன்னால் நின்று, எங்கே கால் வைப்பது என்று அடிக்கு அடி காட்டிக் கரை சேர்த்தார்.

அதோடு விட்டாரா? பையனின் நிஜார்ப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு துண்டுப் பவளம்! அதை வாங்கித் தண்ணீரிலேயே போட்டார். அவர் செய்தது நியாயந்தான். பவளம் கல் அல்ல. கோடானுகோடி நுண்ணிய பிராணிகள் கட்டிய வீடு. உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் அரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரைதான் வளரும். உங்கள் கால் ஒரு விநாடியில் நொறுக்குவது பல வருஷங்களின் உழைப்பு. 2001 முதல் பாறை கட்டும் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு உள்ள காவலே உண்டு. செத்த துண்டானாலும் எடுத்து வரக்கூடாது. பார்க்க ஆசையா? பாரத்பூரில் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது. எலிஃபண்ட் கடற்கரையில் முகமூடியும் மூச்சுக் குழலும் மாட்டி மிதக்க விடுகிறார்கள். நீந்தத் தெரியாதவர்களும் மிதவை கட்டிக்கொண்டு பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் வட அந்தமான் கரை மேலே எழும்பியது. உயிரோடிருந்த பவளத் திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து மடிந்தன. அந்த இடங்களில் கடலின் மணி ஓய்ந்துவிட்டது. இருப்பதையாவது நாம் மிதிக்காமல் இருக்கலாம்.

உச்சி வெயிலுக்குச் செல்லுலார் சிறைச்சாலையை வைத்துக்கொள்ளுங்கள். 1906-ல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள். இன்று நிற்பவை மூன்று. ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியக்கூடாது என்று அப்படிக் கட்டினார்கள். சூரியனும் கடலும் மணி சொல்ல வராத அந்த அறையில் ஐந்து நிமிஷம் தனியாக நின்று பாருங்கள். வெளியே வந்ததும் காற்று வேறு மாதிரி வீசும்.

ஆகவே, அங்கே போய் இறங்கியதும் விடுதியிலோ படகுத் துறையிலோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்று கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது?" என்பதே. அந்த மணி நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாகச் சாதுவாக இருக்கும்.

அன்று விடைபெறும்போது பெரியவர் என் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். கொஞ்சம் ஹிந்தி தெரிந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கும் வரலாமாம். ஆனால் ஐம்பது நிமிஷம் கழித்து வர வேண்டுமாம். உங்கள் கடிகாரத்துக்கு அது தெரியாதாம்!"

அன்று இரவே அது ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. இன்றும் மணி பார்க்கும்போதெல்லாம் லேசாக மாவடு வாசனை அடிக்கிறது.