கிழித்தெறிந்த சித்திரங்கள்

பாடப் புத்தகத்துக்குள் மலிவுக் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்த பிள்ளைகளிடமிருந்து அதனைப் பறித்து மேசை அறைக்குள் பூட்டிய தலைமையாசிரியர்களுள் யானும் ஒருவன். அத்தகைய கதைகளிலேயே திளைத்து வளர்ந்து, பின்னர்ப் பேரெழுத்தாளரான ரே பிராட்பரியைப் பற்றி இன்று பேசுவது எனக்கு ஒருவகையில் பிராயச்சித்தமே ஆகும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வாகீகன் என்னும் ஊரில் 1920-ம் ஆண்டில் அவர் பிறந்தார். 1929-ல் 'பக் ராஜர்ஸ்' என்னும் சித்திரத் தொடர் நாளிதழ்களில் வெளிவரலாயிற்று. இருபத்தைந்தாம் நூற்றாண்டில் விழித்தெழும் வீரன் ஒருவனின் கதை அது. ஒன்பது வயதுச் சிறுவனான பிராட்பரி நாள்தோறும் அதைக் கத்தரித்துச் சேர்த்து வந்தான். பள்ளித் தோழர்கள் எள்ளி நகையாடினர். நாணம் பொறாமல் சேர்த்தவை அனைத்தையும் கிழித்தெறிந்தான். சில நாட்களில் காரணம் விளங்காத அழுகை வந்தது. எண்ணிப் பார்த்தபோது, இழந்தது இன்னதென்று புரிந்தது. நகைத்தவர் நண்பர் அல்லர், பகைவரே எனத் தெளிந்து மீண்டும் சேர்க்கத் தொடங்கினான்.

அக்காலத்து அமெரிக்க மலிவு இதழ்களுக்குப் 'பல்ப்' என்று பெயர். பல்ப் என்பது மரக்கூழ். மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டமையால் அப்பெயர் வந்தது. தாளில் தங்கிய லிக்னினும் அமிலமும் விரைவிலேயே அதனைப் பழுக்கச் செய்து நொறுக்கிவிடும். உள்ளே தாள் மட்டம். வெளியே அட்டையோ பலவண்ணக் கோலாகலம்! 1926 ஏப்ரலில் தோன்றிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' முதல் இதழின் அட்டையில், வளையத்தோடு கூடிய சனிக்கோள் வானில் தொங்க, மனிதர் பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடுகின்றனர். வரைந்தவர் பிராங்க் ஆர். பால், கட்டடக்கலை பயின்றவர். அவருடைய விண்கலங்களும் மாநகரங்களும் கண்ணைக் கவரும். மனித முகங்கள் அத்துணைச் சிறப்புடையன அல்ல. பிராட்பரிக்கு அந்நகரங்களே போதுமானவையாக இருந்தன.

பிராட்பரி கல்லூரி சென்றவர் அல்லர். 1938-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உயர்நிலைப் பள்ளியை முடித்தபின், ஏறத்தாழப் பத்தாண்டுகள் நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. மலிவு இதழ்களோடு ஷேக்ஸ்பியரும் அங்கே அவர் கைக்கு வந்தார். ஒன்றை ஏற்க மற்றொன்றை விலக்கவேண்டும் என்று அவர் கருதவில்லை. இதனையே யான் பெரிதும் வியக்கிறேன். மனத்தில் பதிந்த கவியடிகளையே தம் நூல்களுக்குப் பெயராகச் சூட்டினார். 1953-ல் வெளிவந்த கதைத்தொகுதி ஒன்றின் பெயர் ஏட்ஸ் பாடலினின்று எடுத்தது. 1962-ல் வந்த நாவலின் பெயர் மாக்பெத் நாடகத்துச் சூனியக்காரியின் வாய்மொழி. 1969-ல் வந்த தொகுதிக்கு விட்மன் பெயர் தந்தார்.

நூல்களைக் கொளுத்தும் அரசு ஒன்றைக் கூறும் 'பாரன்ஹீட் 451' 1953-ல் வெளியாயிற்று. அதன் முதல் வடிவை அவர் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் நிலவறையில், வாடகைத் தட்டச்சுப் பொறியில் அடித்தார். அரை மணிக்குப் பத்து சென்ட். ஆன செலவு 9 டாலர் 80 சென்ட். கணக்கிட்டுப் பாருங்கள், நாற்பத்தொன்பது மணி நேரம்! அந்நாவலின் இறுதியில் ஊரை விட்டு ஓடிய சிலர், ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்து சுமந்து திரிகின்றனர். தாளைக் கிழிக்கலாம், எரிக்கலாம். நெஞ்சில் நின்றதை என் செய்வது? ஒன்பது வயதில் கிழித்தவர் எழுதிய கதையன்றோ!

யான் பறித்து வைத்த புத்தகங்களுள் ஒன்றைத் திருப்பிக் கேட்டுவர ஒரே ஒரு மாணவனுக்குத்தான் துணிவிருந்தது. கொடுத்துவிட்டேன், அட்டையைக்கூடத் திருப்பிப் பாராமல் கொடுத்தேன்.