ப்ளூ பிரிண்ட் ஏன் நீலமாக இருந்தது?



பரீட்சை நெருங்கினால் நம்ம எல்லார் வாயிலும் வருகிற வார்த்தை "ப்ளூ பிரிண்ட்". எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லும் அந்தத் தாள் வெள்ளையாகத்தான் இருக்கு. அப்புறம் எங்கேயிருந்து வந்தது இந்த நீலம்? இதை எங்க பெரியப்பாகிட்ட கேட்டேன். அவர் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து, புதுச்சேரியில் பல வருஷம் வீட்டு பிளான் வரைந்தவர். கேட்டதுதான் தாமதம், ராத்திரி பத்து மணி வரை பேசினார்!

ஜெராக்ஸ் கடை இல்லாத காலம். ஒரு கட்டடத்துக்கு வரைபடம் ஒன்றுதான் இருக்கும். ஆனால் மேஸ்திரிக்கு ஒன்று, கம்பி கட்டுபவருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று வேண்டும். நம்ம புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அதை வடிவமைத்த அன்டோனின் ரேமண்டின் அலுவலகம் இருந்தது டோக்கியோவில். வேலை நடந்ததோ இங்கே. மூலப் படத்தைக் கொண்டுபோய் சிமென்ட் கையில் கொடுக்க முடியுமா?

வழி கண்டுபிடித்தவர் ஒரு வானியல் அறிஞர். இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல், 1842-இல். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்துவார்கள். அதன் மேல் டிரேசிங் காகிதத்தில் மையால் வரைந்த படத்தை வைத்து, கண்ணாடி போட்டு அழுத்தி, வெயிலில் காட்டுவார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் இரும்பாக மாற்றுகிறது. அது ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலம் ஆகிவிடும். மைக்கோடு இருக்கும் இடத்தில் வெளிச்சம் படாது. அங்கே உப்பு மாறாமலே இருக்கும், தண்ணீரில் அலசினால் போய்விடும். ஆக, நீலத் தாளில் வெள்ளைக் கோடு. பெயர்க் காரணம் இதுதான்! மறு வருஷமே, 1843-இல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடல்பாசிகளை இந்த முறையில் பதித்து ஒரு புத்தகமே வெளியிடத் தொடங்கிவிட்டார்.

இதில் ஒரு தொல்லை. தாளை நனைத்துக் காயவைத்தால் சுருங்கும். அப்போது தாளில் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். அதனால்தான் "எழுதிய அளவைப் பார், ஸ்கேல் வைக்காதே" என்று இன்றைக்கும் சொல்கிறார்களாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

1920களில் ஜெர்மனியில் வேறு முறை விற்பனைக்கு வந்தது. நம்ம ஊர்ப் பக்கம் இதை "அம்மோனியா பிரிண்ட்" என்பார்கள். பெரியப்பா வாழ்ந்ததெல்லாம் இதில்தான். தாளில் டயசோனியம் உப்பும், அதோடு சேர்ந்து சாயமாகும் இன்னொரு பொருளும், இரண்டும் அவசரப்பட்டுச் சேராதபடி கொஞ்சம் அமிலமும் இருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் டயசோனியம் சிதைந்து, நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். கோட்டுக்கு அடியில் இருப்பது மட்டும் மிஞ்சும். பிறகு தாளைச் சுருட்டி ஒரு குழாய்க்குள் நிறுத்தி, அடியில் ஒரு கிண்ணத்தில் அம்மோனியா வைப்பார்கள். அந்த ஆவி காரம் இல்லையா, அமிலத்தை முறித்துவிடும். உடனே சாயம் பிறக்கும். இப்போது வெள்ளைத் தாளில் நீலக் கோடு. தண்ணீரே வேண்டாம், சுருக்கமும் இல்லை. ஆனால் நாற்றம்? "மழைநாள்ல நம்ம மாட்டுக் கொட்டாயில நின்னா எப்படி இருக்கும், அதைவிடப் பத்து மடங்கு. கண்ணுல தண்ணி கொட்டும்டா" என்றார்.

டிரேசிங் தாளில் ஒரு கோடு தப்பினால் ரப்பர் வேலை செய்யாது. பாதி பிளேடால் மையை மெதுவாகச் சுரண்டணும். கை நடுங்கினால் தாள் கிழியும், மூன்று நாள் உழைப்பு போச்சு.

இவ்வளவு அருமையான முறைக்கு ஒரு பெரிய குறை, வெளிச்சத்தில் வைத்தால் மங்கும். எங்க வீடு 1996-இல் கட்டியது. பிளான் எட்டாக மடித்து, ஜன்னல் ஓரத்து அலமாரியில் பல வருஷம் கிடந்தது. போன வருஷம் மாடி கட்டலாம் என்று அப்பா எடுத்துப் பார்த்தால், உள்மடிப்பெல்லாம் நன்றாக இருக்கு, வெளிமடிப்பு மட்டும் வெறும் மஞ்சள். அந்த மடிப்பில்தான் தூண் அடித்தளத்தின் ஆழமும் கம்பி விவரமும் இருந்தன. டிரேசிங் மூலமும் எங்கோ போய்விட்டது. பொறியாளர் ஒரு தூண் பக்கத்தில் தோண்டி ஆழத்தைப் பார்த்தார். ஆனால் உள்ளே எத்தனை எம்.எம். கம்பி என்று எப்படித் தெரியும்? "தெரியாம கான்கிரீட் தளம் போடச் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார். ஷீட் கூரைதான் போட்டோம். பாட்டிக்கு இன்னும் வருத்தம்தான்.

கம்ப்யூட்டர் வரைபடமும் பெரிய பிரிண்டரும் வந்தபின் அம்மோனியா குழாய்கள் மூலைக்குப் போயின. ஆனால் அதில் எடுத்த பிளான்கள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கு. உங்க வீட்டில் இருந்தால் இந்த வாரமே போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். தாளை உறையில் போட்டு இருட்டான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

பழைய நீல முறையை நாமே செய்து பார்க்கலாம் என்று வேதியியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஃபெர்ரிசயனைடு நம்ம ஆய்வகத்தில் இருக்கு, சிட்ரேட் மட்டும் புதுச்சேரியில் வாங்கணும். அமிலம் பக்கத்தில் இருக்கக் கூடாது, சூடுபடுத்தவும் கூடாது, ஆசிரியர் இல்லாமல் தொடவே கூடாது. வர விரும்புபவர்கள் ஆளுக்கு ஒரு வேப்பிலைக் கொத்து கொண்டு வாருங்கள். வெயில் நம்ம ஊரில் இலவசம்.