பழைய கார்டுக்குப் புது வேகம்!

பையன் கம்ப்யூட்டரில் மோட்டார் பந்தயம் ஆடுகிறான். பறக்கவேண்டிய வண்டி தத்தித் தத்திப் போகிறது. திடீரென்று படம் நிற்கிறது, பிறகு தாவுகிறது.

"புது கிராபிக்ஸ் கார்டு வாங்கவேண்டும் அப்பா!" என்கிறான் பையன். விலையைக் கேட்ட அப்பா வாயே திறக்கவில்லை.

புது கார்டு இல்லாவிட்டால் என்ன? பழைய கார்டையே கொஞ்சம் விரட்டி ஓட்ட ஒரு வழி இருக்கிறது. அதற்கு "ஓவர்கிளாக்" என்று பெயர். அதில் லாபம் உண்டு. நஷ்டம் வரவும் இடம் உண்டு.

நகத்தளவு சிப்

திரையில் ஓடும் படத்தை வரைந்து தருவதுதான் கிராபிக்ஸ் கார்டு. வினாடிக்கு 60 படம் வரைந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். 25 என்று இறங்கினால் தத்தும்.

ஜி.டி.எக்ஸ். 1060 என்ற கார்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் உள்ள என்விடியா கம்பெனி 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் இதை வெளியிட்டது. 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கார்டின் அன்றைய விலை 249 டாலர். "ஸ்டீம்" என்ற விளையாட்டுக் கடை மாதந்தோறும் எடுக்கும் கணக்கில் பல ஆண்டுகள் இதுவே முதலிடத்தில் இருந்தது. 2022-ம் ஆண்டின் கடைசியில்தான் அந்த இடத்தை விட்டு இறங்கியது. நடுவே 2020, 2021-ல் புது கார்டுகளுக்குப் பெரும் பஞ்சம். கிடைத்தவையும் இரட்டிப்பு விலை! பழைய கார்டை வைத்திருந்தவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் உயிர் ஒரு சிறு சிப்பில் இருக்கிறது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதற்குள்ளே 440 கோடி டிரான்சிஸ்டர்கள்!

நம் நாடி நிமிஷத்துக்கு 72 தடவை அடிக்கிறது. இந்தச் சிப் வினாடிக்கு 150 கோடி தடவை துடிக்கிறது. வேலை மும்முரமானால் 170 கோடி. இதையே 1,500 மெகாஹெர்ட்ஸ், 1,700 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். இந்தத் துடிப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றுவதுதான் ஓவர்கிளாக்.

அப்படியானால் கம்பெனிக்காரர்களே ஏற்றி விற்கக்கூடாதா? ஒரே சூளையில் வெந்த செங்கலிலும் ஒன்று கெட்டியாக இருக்கும், ஒன்று நொய்ந்திருக்கும். சிப்பும் அப்படித்தான். நொய்ந்ததும் தாங்கக்கூடிய வேகத்தைத்தான் பெட்டியின்மேல் எழுதுகிறார்கள். கெட்டியான சிப் கிடைத்தவருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பது அவரவர் அதிர்ஷ்டம்!

உஷ்ணம்தான் எதிரி

வேகத்தை 10 சதவிகிதம் கூட்டினால் சிப் தின்னும் மின்சாரமும் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும். போகட்டும். ஆனால் கூடவே வோல்டேஜையும் 10 சதவிகிதம் ஏற்றினால்? மின்சாரம் 33 சதவிகிதம் கூடிவிடும்! வோல்டேஜ் இந்தக் கணக்கில் இரண்டு தடவை பெருக்கப்படுவதுதான் காரணம். தின்னும் மின்சாரம் முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. ஆகையால் பழைய கார்டில் வோல்டேஜைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கார்டுக்கு இன்னொரு குணம் உண்டு. உஷ்ணம் ஏற ஏற அது தன் வேகத்தைத் தானே படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதைக் குளிர வைத்தாலே கொஞ்சம் வேகம் திரும்பக் கிடைக்கும். செலவு இல்லாத லாபம்!

எனவே முதல் வேலை துடைப்பதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றவேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டவேண்டும். காற்று ஊதினால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும்; அது கண்டபடி சுற்றக்கூடாது. சிப்புக்கும் அதன்மேல் உள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை இருக்கிறது. உஷ்ணத்தைக் கடத்துவது அதுதான். ஆண்டுக்கணக்கில் அது காய்ந்துபோகும். பழக்கமுள்ளவரைக் கொண்டு புதுப் பசை இடலாம். சித்திரை வெயிலில் அறை கொதித்தால் கார்டும் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கொதிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஏற்றுவது எப்படி?

"எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர்" என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சிப்பின் வேகத்துக்கு ஒரு கோடு. நினைவகத்தின் வேகத்துக்கு ஒரு கோடு. சிப்பின் கோட்டை 25 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தவேண்டும். பிறகு கால் மணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒன்றும் ஆகவில்லையா? இன்னொரு 25.

திரையில் கலர் கலராகப் புள்ளி மின்னினாலோ, கோடு விழுந்தாலோ, ஆட்டம் திடீரென்று மூடிக்கொண்டாலோ நிறுத்திவிடவேண்டும். கார்டு "போதும்" என்கிறது! இரண்டு படி கீழே இறங்கி அங்கேயே நிறுத்தவேண்டும். அதன் பிறகுதான் நினைவகத்தைத் தொடவேண்டும். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் எது தகராறு செய்கிறது என்று தெரியாது.

உஷ்ண அளவையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். 94 டிகிரி சென்டிகிரேட் இதன் எல்லை. 80-க்குள் இருந்தால் நிம்மதி.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை மட்டமானதா? அப்படியானால் இந்த வேலையே வேண்டாம். இந்தக் கார்டு ஏற்கெனவே 120 வாட் வாங்குகிறது. பாரம் தாங்காமல் பவர் சப்ளை போனால், அது தனியாகப் போகும் என்பது நிச்சயம் இல்லை.

கைக்கு வருவது என்ன?

நன்றாக அமைந்தால் சுமார் 10 சதவிகிதம். வினாடிக்கு 55 படம் வந்த இடத்தில் 60 வரும். அது கண்ணுக்குத் தெரியும். 25 வந்த இடத்தில் 27 வரும். அது ஒருவருக்கும் தெரியாது! அங்கே ஆட்டத்தின் நிழல், வெளிச்ச அலங்காரங்களைக் குறைத்து வைப்பதே பலன் தரும்.

கோளாறு கார்டில்தானா என்பதையும் சோதிக்கலாம். ஆட்டத்தில் படத்தின் அளவைக் குறைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் வேகம் கூடவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி புராசசர். கார்டை எவ்வளவு விரட்டினாலும் பயன் இல்லை. நினைவகம் போதாத ஆட்டங்களுக்கும் இந்த வித்தை உதவாது. வேகம் ஏறும், 6 ஜிகாபைட் 7 ஆகாது.

ஆப்டர்பர்னரில், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே புது வேகத்தைப் போடச் சொல்லும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் ஆடிப் பார்க்கும்வரை அதை அழுத்தக்கூடாது. அதுவரை எந்தத் தகராறு வந்தாலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் போதும். கார்டு தன் பழைய வேகத்திலேயே எழுந்திருக்கும்.