54-இல் பக்தி, 55-இல் அகங்காரம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாவபுண்ணியத்தைக் கட்டங்களாக்கி, அவற்றின் வழியே ஆடுபவரை நடக்கவிட்ட அபாரமான படைப்பு அது. வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் கணினிக் கதைகளை எழுதுபவர்களுக்கு இன்றும் பிடிபடாத கேள்வி ஒன்று உண்டு: நம்பிக்கையையும் பாவத்தையும் எப்படி அளப்பது?

பலகைக்குப் பலகை கட்டங்கள் மாறும். ஹரீஷ் ஜோஹரி 'லீலா' என்ற பெயரில் விளக்கிய பலகையில் 72 கட்டங்கள். 24-இல் தீய சேர்க்கை; பாம்பு 7-க்கு இறக்கிவிடும். 54-இல் பக்தி, அதன் ஏணி நேரே 68-க்கு, அதாவது முக்திக்கு ஏறுகிறது. சரி, 55-இல் என்ன? அகங்காரம். அந்தப் பாம்பு 3-ஆம் கட்டமான கோபத்தில் கொண்டுபோய்த் தள்ளும். பக்திக்கும் வீழ்ச்சிக்கும் இடையே தாயத்தில் ஒரே ஒரு புள்ளிதான்! இன்னொன்று: 17-இல் இருக்கும் தயை 69-க்கே ஏற்றிவிடும். ஆனால் அது ஆட்டம் முடியும் 68-ஐத் தாண்டிய இடம். அங்கிருந்து 72 வரை போய், தமோகுணப் பாம்பின் வாய்ப்பட்டு 51-க்கு இறங்கி, மறுபடி ஏறித்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

இதில் ஆடுபவருக்குத் தேர்வு கிடையாது. எல்லாம் தாயக்கட்டையின் கையில். ஊழை உணர்த்த அது போதும், மனசாட்சியைச் சோதிக்கப் போதாது.

அந்தச் சோதனையை 1985-இல் ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா 4' கணினி விளையாட்டில் கொண்டுவந்தார். அதில் கடைசியில் வீழ்த்த வேண்டிய வில்லன் இல்லை. எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆவதே இலக்கு. அங்கே மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. காசை நாமே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும். நம் நேர்மைக் கணக்கு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் குறையும். அந்த எண் திரையில் வராது. நம் நிலையை அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் கேட்டால் வாய்ச்சொல்லாகத்தான் சொல்வார். இந்த மறைப்புதான் இதன் உயிர். 'புண்ணியம் ஐந்து கூடியது' என்று திரையில் காட்டிவிட்டால் அறம் அப்போதே வியாபாரமாகிவிடும்.

ஒற்றை எண்ணில் அடங்காத பாவமும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில், பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், தோல்பாவைக் கூத்துப் புலவர்கள் கம்பன் பாடல்களைப் பாடி, அவற்றின் பொருளை விரித்துப் பேசுகிறார்கள். இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றதற்கு எத்தனை புள்ளி குறைப்பது? வாலி கேட்கிறான், இராமனும் இலக்குவனும் பதில் சொல்கிறார்கள், கேட்டவர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள்.

வாசகர் நகர்த்தும் கணினிக் கதைகளை எழுத ட்வைன் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழிலும் எழுதலாம். எழுதப்போகும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: வாலியின் கேள்வியை வாசகர் கையில் கொடுங்கள், மதிப்பெண் போடாதீர்கள்.