வறுமையின் வேர்

வறியோர் துன்புறுவதற்கு அவர்தம் சோம்பலே காரணம் எனப் பலர் கருதுவர். உண்மை யாது? இங்கிலாந்து நாட்டு யார்க் நகரில் வறுமையின் நிலையை அறிய முற்பட்டார் சீபோம் ரவுண்ட்ரி என்னும் அறிஞர். 1899ஆம் ஆண்டில் தொழிலாளர் இல்லந்தோறும் செய்தி திரட்டச் செய்தார். 11,560 குடும்பங்களின் நிலை ஆராயப்பெற்றது. நகர மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறுமையில் வாடுவது புலனாயிற்று. அவருள் ஒரு சாரார்க்கு உணவு, உடை, உறையுள் ஆகியவற்றிற்கே வருவாய் போதவில்லை. அச்சாராருள் பாதிக்கு மேற்பட்டோரின் இல்லங்களில் தலைவன் ஒழுங்காக உழைத்தே வந்தான். அவன் பெற்ற கூலிதான் குறைவு.

குழந்தைப் பருவம், மக்களை வளர்க்கும் பருவம், முதுமைப் பருவம் ஆகிய மூன்றிலும் தொழிலாளியை வறுமை பற்றுவதையும் ரவுண்ட்ரி கண்டார். உண்போர் பலராக, ஈட்டுவோர் சிலராக, அல்லது ஈட்டும் வலிமை குன்ற நேரும் காலங்கள் அவை. ஆதலின், வறியோரைப் பழிக்குமுன் வறுமையின் காரணத்தை ஆராய்தல் அறிவுடையோர் கடனாகும்.